கதவு பூட்டு என்று எழுதிய அட்டை

"ஹலோ... ஹலோ... மெட்ராஸுங்களா? ... ஆமாங்க, விருத்தாசலத்துலேருந்துதான். மண்ணடி கடைதானே? ... ஆமா, ஆமா, அலாவுதீன் மச்சானத்தான் கூப்புடணும். ... தாஜ் நிஷான்னு சொல்லுங்க."

காலை ஒன்பது மணிக்கு டிரங்கால் புக் பண்ணிவிட்டு, பதினொன்றரை வரை போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் தாஜ் நிஷா காத்துக் கிடந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டுக் கமலம் வந்திருந்தாள். கிடைத்ததோ மூன்று நிமிஷம். அதற்குள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அலாவுதீன் அவளுடைய புருஷன் ஜமால் முகம்மதுக்கு அண்ணன். ஜனவரிக் கடைசியில் தம்பி மவுத்தாகி அடக்கம் பண்ணிய அன்று, "கரண்ட் பில்லுக்கெல்லாம் நான் இருக்கேன்" என்று ஊர் முன்னால் சொன்ன மனுஷர்தான். அதை நம்பி இவள் கரண்ட் அட்டையைத் தபாலில் அனுப்பிவைத்தாள். பணம் வரவில்லை, கடுதாசி வந்தது. ரெண்டு பல்பும் ஒரு ஃபேனும் இருக்கிற வீட்டில் நூற்று எண்பத்தேழு யூனிட் எப்படி ஓடும், அங்கே வேறு யார் தங்குகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி பண்ணிக்கொண்டு திட்டக்குடியில் உன் அண்ணன் வீட்டுக்குப் போ என்று எழுதியிருந்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிறார் என்று கமலம் திட்டினாள். தாஜ் நிஷாவுக்கு அப்படி நினைக்க மனசு வரவில்லை. அட்டையைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றுதான் கிளம்பி வந்தாள்.

"வ அலைக்கும் சலாம் மச்சான். ... நல்லா இருக்குறோம். ... அஜீஸா ஸ்கூலுக்குப் போயிருக்குது. ... மச்சான், மூணு நிமிஷந்தான் குடுப்பாங்க. அந்தக் கரண்ட் அட்டை பக்கத்துல இருக்குதுங்களா? ... கொஞ்சம் எடுங்க. ... பரவால்ல, எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் தேடப் போய்விட்டார். மெட்ராஸ் கடையில் யாரோ பேரம் பேசுவது, காசு கொடுத்துப் பிடித்த லைனில் சாவகாசமாகக் கேட்டது. கவுண்டரில் இருந்த குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"... ஆங், மச்சான். ... அதேதான். யூனிட்ட வுடுங்க, தேதி போட்ட கட்டத்தப் பாருங்க. ... ஆமா, ஜனவரி ஒம்போது. அப்ப அவங்க இருந்தாங்க. ... அதுக்கப்பறம் யூனிட்டு எழுதுனது எப்ப? ... ஆமா, ஜூலை. நடுவுல ஆறு மாசம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எழுத வேண்டியத மொத்தமாச் சேத்து ஒரே வரியில எழுதிட்டாங்க. ... அதாங்க. அவங்க இருந்தப்ப எவ்ளோ ஓடுச்சு, மேல பாருங்க. ... ஆமா, அறுபது, அறுபத்திரெண்டு. அதே அறுபதுதான் மச்சான், மூணு தரம். ... கொஞ்சமா ஓடுனா ஒரு ரேட்டு, நெறைய ஓடுனா மேல் ரேட்டு. ஒண்ணாச் சேத்ததால மேல் ரேட்டுல போயிடுச்சு. ... இல்லீங்க, யாரும் தங்கல. நானும் அஜீஸாவுந்தான்."

மறுமுனையில் அவர் அட்டையை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது கேட்டது. ஒரு வாரமாகக் கமலத்திடம் சொல்லிச் சொல்லிப் பழகிவைத்த கணக்கு, ஒரு இடத்திலும் இடறாமல் வந்து சேர்ந்திருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து பீங்கான் கம்பெனியில் கோப்பைக்குப் பூப் போடும் வேலை பேசி வைத்திருந்தாள். வீடு இருந்தால் அந்த வேலையும் உண்டு, மகள் அஜீஸாவின் படிப்பும் உண்டு. மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டாள்.

"... என்னங்க? ... ஆமா, மார்ச்சு, அப்பறம் மே. ... அப்படித்தான் எழுதியிருக்குது, கதவு பூட்டுன்னு. ... மச்சான், நான் எங்கயும் போவல. ... இல்லீங்க. ... இல்ல, இல்ல... கேளுங்க மச்சான்."

சிவப்பு மையில் எழுதிய அந்த ரெண்டு வரியை அவளும்தான் பார்த்திருந்தாள். பில் ஏறியதற்குக் காரணம் என்று மட்டுமே அவள் புத்திக்குப் பட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. மார்ச்சும் மேயும் அந்த நாட்களுக்குள் வந்தன. இத்தாவில் இருக்க வேண்டியவள் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாள் என்று மச்சான் கேட்டுவிட்டார். அட்டையைக் காட்டி மானத்தை மீட்க வந்தவளை அந்த அட்டையே காட்டிக்கொடுத்தது.

"பூட்டலீங்க. நான் உள்ள அறையிலதான் இருந்தேன். மீட்டரு வாசலத் தாண்டி உள்நடையில இருக்குது, உங்களுக்கே தெரியும். கரண்ட் ஆளு வந்தப்ப கமலக்காதான் வாசல்ல மறிச்சி, அந்தம்மா இத்தாவுல இருக்குது, ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுன்னு சொல்லுச்சு. ... ஆமா, அட்டைய மட்டும் வெளிய எடுத்துக் குடுத்துச்சு. ... யூனிட்ட எழுதணும், இல்லாட்டி பூட்டுன்னு எழுதணும். இத்தான்னு எழுத அதுல எடம் இல்ல மச்சான்."

டிரங்காலில் கத்தினால்தான் காதில் விழும். நாலு மாசத்துக்கு மேல் சத்தம் வெளியே வராமல் இருந்தவள், இத்தா இத்தா என்று போஸ்ட் ஆபீஸ் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள். முத்திரை குத்துகிற சத்தம் நின்றுபோனது. மணியார்டருக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தாலும் குரலை அவள் இறக்கவில்லை.

"... கமலக்கா இங்கதான் நிக்குது. கேக்குறீங்களா? ... வேணாங்களா. சரி. ... அஜீஸாவா? அது நம்பரப் படிச்சிச் சொல்லட்டும்னு நானும்தான் உள்ளேயிருந்து கேட்டுப் பாத்தேன். அந்த ஆளு ஒத்துக்கல. கண்ணால பாக்காம ஒரு யூனிட்டு கூட எழுத மாட்டேன்னுட்டுப் போனாரு. ... கோவமில்ல மச்சான். ... யாரோ ஒரு கரண்ட் ஆளு அவரு. நீங்க அவங்க கூடப் பொறந்தவங்க. இத்தன நாளுல ஒரு தரம் வாசல் வரைக்கும் வந்து, புள்ள சாப்டுச்சான்னு கேக்கல. பாக்காமயே எழுதிட்டீங்களே, மச்சான்."

குமாஸ்தா மூன்று விரலைக் காட்டினார். அதற்குள் லைனில் ஆப்பரேட்டரின் குரல் குறுக்கிட்டது.

"... ஆமாங்க, ஆயிடுச்சுங்களா? ... ஒரு நிமிஷம்மா. மச்சான், இருக்கீங்களா? ... வூட்ட நான் காலி பண்ணல. வந்து கதவத் தட்டுங்க, தொறக்குறேன். கண்ணால பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க. ... இல்லீங்க ஆப்பரேட்டரம்மா, இன்னொரு மூணு நிமிஷம் எனக்கு வேணாம். அவரு பேசணும்னு சொன்னாலும் வேணாம். ... ஆமா. லைன வெட்டிடுங்க."