நானூற்றுப் பதினேழு

"துடைக்காதடி! பூசை போட்ட சாமான்டி அது!"

ஹம்சவேணி கத்தியதைத் தாமரைச்செல்வி காதில் வாங்கவே இல்லை. துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் மூக்கில் அப்பியிருந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் வழித்துக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாக. பக்கத்தில் ஒற்றை மெழுகுவர்த்தி.

மணி ஏழு பத்து. ஆயுத பூஜை ராத்திரி. 2008.

விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து இடது கைப்பக்கம் ஒரு மண்பாதை பிரியும். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. கடைசித் தெருவிளக்குக்கு அப்புறம் அரை மைல்... ஆள் அரவம் கிடையாது. அந்தப் பாதையின் முடிவில் தன்னந்தனியாக ஒரு துண்டுக் குடோன். குளிக்கிற துண்டுகளை அட்டைப்பெட்டியில் அடைத்துத் தூத்துக்குடி வழியாகக் கப்பலேற்றுகிற இடம். அன்றைக்கும் வழக்கம்போலக் கரண்ட் போயிருந்தது.

என் சிநேகிதன் கிரிதரன் வீட்டில் கேட்ட கதை இது. ஹம்சவேணி அவனுக்குச் சித்தி. அந்தக் குடோனில் பேக்கிங் வேலை. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள். அது சுடாது. பெட்டிக்குப் பெட்டி ஒட்டியிருக்கும் டேக்கை, அதாவது சில்லு வைத்த நம்பர் சீட்டை, எண்ணுகிற ரீடர். கைப்பிடியும் விசையும் இருப்பதால் லோடுமேன்கள் வைத்த பெயர் அது. விசையை அழுத்தினால், நீட்டிய திசையில் இருக்கிற டேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பீப்'. நம்பர் திரையில் வந்து விழும். வேலை பார்க்கிறவர்கள் சட்டையில் மாட்டுகிற கார்டிலும் அதே டேக்தான்.

சிக்கலே அங்குதான். மூன்று நாட்களாக எண்ணிக்கையில் ஒரு நம்பர் கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

நானூற்றுப் பதினேழு.

அது பெட்டி நம்பர் இல்லை. முத்துக்கருப்பனின் கார்டு நம்பர். போன வருஷம் இதே ஆயுத பூஜை அன்று, இதே குடோனில், பன்னிரண்டடி ஏணியின் உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போன முத்துக்கருப்பன். தாமரைச்செல்வியின் அண்ணன்.

லோடுமேன்கள் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஒருத்தன் வேலையை விட்டே நின்றான். "தாமரை, நீயும் நின்னுக்கடி. அவன் உன்னையக் கூப்புடுறான்" என்று ஹம்சவேணியே சொல்லிப் பார்த்தாள்.

"கூப்புட்டா என்னன்னு கேக்குறேன்க்கா. எங்கண்ணன்கிட்ட எனக்கு என்ன பயம்?"

அண்ணன் பார்த்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து மெஷினுக்கு உரிய விதிமுறைகளைப் பிசகாமல் செய்தாள். ஈரக்கையோடு தொட மாட்டாள். வாரை மணிக்கட்டில் மாட்டாமல் ஏணியில் கால் வைக்க மாட்டாள். பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் கீழே இறங்கி, மேசையில் வைத்து, அணைத்துவிட்டுத்தான். மனுஷர் பக்கம் நீட்டவே மாட்டாள். யார் நெஞ்சுக்குள் இதயத்துக்கென்று என்ன மெஷின் வைத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்?

இம்புட்டுப் பிடிவாதம் எதற்கு? வாசலில் நோட்டீஸ் போர்டு இருக்கிறது, பாருங்கள். அதில் முத்துக்கருப்பனின் போட்டோ. கீழே, 'விதியை மீறி ஏணி மேலேயே பேட்டரி மாற்றியதால் இவர் உயிரிழந்தார். இவரைப் போல் இருக்காதீர்கள்.' கையெழுத்து, சூப்பர்வைசர் ராஜேஷ்குமார். ஒரு வருஷமாகத் தினமும் அதைக் கடந்துதான் அவள் உள்ளே வருவாள். அந்தப் பேப்பர் பொய் என்று அவளுக்குத் தெரியும். பொய் என்று சொல்லத்தான் ஆளில்லை.

"இன்னுமா துடைக்கிற? ஒம்பது மணிக்கு லாரி கெளம்பணும்!" ராஜேஷ்குமார் டார்ச்சோடு வந்தார். "லிஸ்ட்ல ஒரு நம்பர் கூட இருந்தாலும் கண்டெய்னருக்கு சீல் போட மாட்டான். அன்னைக்கு விழுந்தப்ப அந்தக் கார்டு ரேக்குக்குள்ள எங்கயாச்சும் சிக்கியிருக்கும். தேடி எடுத்து வெளிய வீசு. பேயாம், பிசாசாம்!"

"தேடுறேன் சார். நீங்களும் கூட இருங்க."

"நான் எதுக்கு?"

"கெடச்சா உங்க கையில குடுக்கத்தேன்."

பேட்டரியைப் பொருத்தினாள். மூடி 'க்ளிக்' என்றது. வாரை மணிக்கட்டில் மாட்டினாள். தேடுகிற முறைக்கு மாற்றி ஒரே ஒரு நம்பரைத் தட்டினாள். இனி மற்ற டேக்குக்கெல்லாம் மெஷின் வாய் திறக்காது. அந்த ஒன்றுக்கு மட்டும் கத்தும். கிட்டே போகப் போக, வேகமாகக் கத்தும்.

விசையை அழுத்தினாள்.

...

பீப்.

...

பீப்.

அறுநூற்று நாற்பது பெட்டிகள் இருட்டில் அடுக்கடுக்காக நின்றன. புதுத்துணியின் கஞ்சி வாடை. அணைந்த சூடத்தின் வாடை. முன்னால் தாமரைச்செல்வி, பின்னால் மெழுகுவர்த்தியோடு ஹம்சவேணி, அதற்கும் பின்னால் லோடுமேன் சின்னக்கருப்பன். ராஜேஷ்குமார் ஷட்டர் பக்கமே நின்றுகொண்டார்.

அண்ணன் விழுந்த ரேக். ஏணி இன்னும் அங்கேயே சாய்ந்திருந்தது. துப்பாக்கியை மேல்தட்டுக்கு நீட்டினாள்.

சத்தமே இல்லை.

அடித்தட்டு... இல்லை. பெட்டிகளின் இடுக்கு... இல்லை. குடோனின் கடைசிச் சுவர்வரைக்கும் போனார்கள். ஒரு பீப்கூட இல்லை.

"இங்கிட்டு இல்ல" என்று தாமரைச்செல்வி திரும்பினாள். திரும்பிய வேகத்தில் துப்பாக்கியின் மூக்கு ஹம்சவேணியின் முகத்துக்கு நேராக நின்றது.

பீப்... பீப்.

ஒரு வருஷமாக ஹம்சவேணி நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நாந்தான்டி... நாந்தான்! போன வருஷம் பூசையில மூடியத் தொறந்து பேட்டரிக்கும் சந்தனப்பொட்டு வச்சேன்டி. எல்லா ஆயுதத்துக்கும் வைக்கிறோமே, இதுக்கு மட்டும் என்னன்னு... அது முனையில அப்பிக்கிட்டு கரண்டு வராமப் போச்சு. அதான் மேல போனதும் மெஷின் அணைஞ்சிருச்சு. என்னாலதான்டி..."

தாமரைச்செல்வி அவளையே பார்த்தாள்.

"தெரியும்க்கா. பேட்டரி மஞ்சளாக் காஞ்சு கெடந்துச்சு. மெஷின் அணைஞ்சா எவனும் சாக மாட்டான். எறங்கி வந்து மாத்திட்டுப் போவான்." மெல்ல ஹம்சவேணியின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். "உங்களைச் சொல்லலக்கா. உங்களுக்குப் பின்னால எங்கயோ இருந்து கூப்புடுது."

பின்னால்... நீளமான நடைபாதை. அதன் கோடியில் ஷட்டர். ஷட்டரில் ராஜேஷ்குமார்.

பீப். பீப். பீப்.

ஒவ்வோர் எட்டுக்கும் சத்தம் நெருங்கியது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. சந்தனம் மாதிரி... அதோடு சேர்ந்து, பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம். சின்னக்கருப்பன் ஒயர் எதுவும் எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். கரண்டே இல்லாத கட்டடத்தில் ஒயர் எங்கிருந்து எரியும்?

பீப்பீப்பீப்பீப்.

"ஏய்! என்ன பண்ற? மனுஷங்க மேல நீட்டக் கூடாதுன்னு விதி இருக்குல்ல!"

"இருக்கு சார். மேலேயே பேட்டரி மாத்தக் கூடாதுன்னும் இருக்கு."

ராஜேஷ்குமார் டார்ச்சைத் தன் மேலேயே அடித்துக் காட்டினார். "எங்கிட்ட எந்தக் கார்டும் இல்ல! சின்னக்கருப்பா, வந்து பாருடா!"

சின்னக்கருப்பன் பார்த்தான். சட்டைப் பை, பேண்ட் பை, பர்ஸ், பெல்ட்டின் உள்பக்கம், செருப்பைக்கூடக் கழற்றித் தட்டிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல தங்கச்சி" என்றான்.

தாமரைச்செல்வி விசையை விடவில்லை. அவருடைய சட்டைப் பைக்கு நேரே நீட்டினாள். சத்தம் குறைந்தது. இடுப்புக்கு நேரே... இன்னும் குறைந்தது. மெதுவாக மேலே கொண்டுபோனாள். நெஞ்சு. கழுத்து. இடது தோள்.

தோளுக்கு மேலே இரண்டு சாண் உயரம். வெறும் காற்று.

பீஈஈஈஈஈ என்று ஒரே மூச்சாகக் கத்தியது மெஷின்.

ராஜேஷ்குமார் வலது பக்கம் நகர்ந்தார். சத்தம் குறைந்தது. துப்பாக்கியும் நகர்ந்தது... பீஈஈஈ. பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். தாமரைச்செல்வி துப்பாக்கியைக் கீழே இறக்கினாள். உட்கார்ந்தவரின் தோளுக்கு மேலே, அதே இரண்டு சாண். பீஈஈஈ. அவர் போகிற இடமெல்லாம் அது கூடவே போயிற்று.

ஹம்சவேணிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று நாளும் மத்தியானத்தில் மட்டும் அந்த நம்பர் வரவில்லை. மத்தியானம் இவர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்.

"எறங்கச் சொல்லு..." ராஜேஷ்குமார் இடது தோளைப் பிறாண்டிக்கொண்டார். "ஒரு வாரமா தோளு கனக்குது. தூங்க முடியல. அவனை எறங்கச் சொல்லு!"

"அன்னைக்கு அவன் எறங்குறேன்னு சொன்னப்ப நீங்க விட்டீங்களா சார்?"



"லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்..." முனகலாக வந்தது. "எறங்கி மாத்திட்டு வாரேன்னுதான் சொன்னான். நாந்தான்... அங்கேயே நின்னு மாத்துடான்னேன். கைவாரைக் கழட்டிட்டு ரெண்டு கையாலயும் மாத்துடான்னேன். எறங்கினா நாளைக்கு வேலைக்கு வராதன்னேன்."

தாமரைச்செல்வி அழவில்லை. விசையிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. மற்றொரு கையால் நோட்டீஸ் போர்டிலிருந்து அந்தப் பேப்பரைப் பிய்த்து அவர் மடியில் போட்டாள்.

"எழுதுங்க. இப்ப சொன்னதை அப்பிடியே. சின்னக்கருப்பண்ணே, பேனா குடுங்க. அக்கா, வெளிச்சத்தைக் காட்டுங்க."

"என் வேலை போயிரும் தாமரை..."

"எங்கண்ணன் உயிர் போச்சு. பேரும் போச்சு. உயிரைக் கேட்டு நான் வரல சார். பேரைக் குடுத்துட்டுப் போங்க."

எழுதினார். அவளுடைய அண்ணன் போட்டோவுக்குக் கீழேயே, பழைய எழுத்துகளின் மேல் கோடு கிழித்துவிட்டு எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதியைப் போட்டு, பேனாவை எடுத்த அந்தக் கணத்தில்...

சத்தம் நின்றது.

தீய்ந்த வாடையும் இல்லை. மெஷினில் பேட்டரி நிறைய இருந்தது. திரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. 'டேக் கிடைக்கவில்லை.'

தாமரைச்செல்வி மறுபடி முழுக்க எண்ணினாள். அறுநூற்று நாற்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஒன்பது மணிக்கு லாரி கிளம்பியது. அவள் மெஷினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, உறைக்குள் வைத்துப் பூட்டினாள். பேப்பரைத் திரும்பவும் போர்டில் குத்திவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அந்த மண்பாதையில் இரண்டு பெண்களும் நடந்தார்கள். கடைசித் தெருவிளக்கு வந்ததும் ஹம்சவேணி கேட்டாள்.

"தாமரை... அந்தக் கார்டு அவர்கிட்டயும் இல்ல, ரேக்குலயும் இல்ல. இன்னும் உள்ளாற எங்கயோதான்டி கெடக்கும். நாளைக்கு வெளிச்சத்துல ரெண்டு பேருமாத் தேடுவோமா?"

"வேண்டாம்க்கா. அது உள்ளாற இல்ல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

தாமரைச்செல்வி நின்றாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துத் தெருவிளக்குக்குக் கீழே பிரித்தாள். உள்ளே... கார்டைச் சட்டையில் மாட்டுவோமே, அந்த இரும்புக் கிளிப். கறுத்து, முறுக்கி, ஒரு பக்கம் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு.

"வேலைக்குப் போறப்ப தெனமும் கார்டை மறந்துட்டுப் போற பயக்கா அவன். அதான், எங்க ஊரு பேரையூர்ல அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போது நாந்தேன் அவன் சட்டைப் பையில வச்சு அனுப்புனேன். மூணாம் நாள் சாம்பல் அள்ளையில... இது மட்டுந்தேன் மிச்சம்."