யாருக்கும் போய்ச் சேராத மஞ்சள் படிவம்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் அக்கா அவர்களே, முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, அவருடைய மகனே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெற்றோர்களே, பெற்றோரை விட்டு நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரம்மாவின் பட்டங்களையும் விருதுகளையும் சொன்னார்கள். நான் அந்த அளவுக்குப் படித்தவன் இல்லை. நஞ்சு முறிவுப் பிரிவின் வாசலில், கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் பதிகிற எழுத்தர். பதினான்கு ஆண்டுகள் அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு நடைவழிதான் இருந்தது. இப்போது எனக்குத் துக்கம் மட்டும் இல்லை. பயமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று கேட்டதிலிருந்து, இனி அந்த அறைக்குள் வரும் பிள்ளைகளை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது. என் வீட்டை நினைத்தும் பயமாக இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

பிள்ளைகள் அவரைக் காது டாக்டர் என்பார்கள். குறுக்கே பேசாமல் கேட்பார் என்பதால் வைத்த பெயர். அதை நம்பி ஒரு பெரியவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்து சண்டை போட்டார். டாக்டரம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டு, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத்தான் உரிய பிரிவுக்கு அனுப்பினார். அப்படிப்பட்டவர் அவர்.

எங்களிடம் வந்த பிள்ளைகள் யார்? தறுதலைகளா? ஊர் சுற்றிகளா? இல்லை, இல்லை! முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் வந்தாள். பந்தய ஓட்டக்காரன் வந்தான். தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்த அக்கா வந்தாள். நஞ்சு என்றால் மண்டையோடு போட்ட பாட்டில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரம்மா அதைப் பார்த்தது அபூர்வம். அவர் பார்த்ததெல்லாம் நம் வீட்டு அலமாரியில் இருப்பவை. அம்மாவின் தூக்க மாத்திரை, மிச்சம் வைத்த இருமல் மருந்து, பரீட்சைக்கு முன்னால் பென்சில் டப்பாவில் கைமாறும் முழிப்பு மாத்திரை, உடம்பு இளைக்கும் என்று போனில் பார்த்து வரவழைத்த பொடி.

காய்ச்சல் மாத்திரையைப் போல அப்பாவி கிடையாது என்று நினைக்கிறோம். அதை அளவு மீறி விழுங்கிய பிள்ளை முதல் நாள் சிரித்துப் பேசும், பசிக்கிறது என்று கேட்கும். நல்லாத்தானே இருக்கு, கூட்டிக்கொண்டு போகிறோம் என்று பெற்றோர் செருப்பை மாட்டுவார்கள். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். டாக்டரம்மா வாசலை மறித்து நிற்பார். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பதிவேடு என்னிடம்தானே இருக்கிறது.

எங்கள் பிரிவு தொடங்கிய முதல் வருடம் பதினைந்து வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா தோளில் தாங்கிக் கொண்டுவந்தார். என்னப்பா சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா கேட்டார். அவன் அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு, வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றான். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னான். அப்பா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அடித்தவர் இல்லை. அவ்வளவு அன்பாகத் தலையைத் தடவுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அந்தப் பிள்ளை சொல்லவில்லை. நண்பன் கொடுத்த ஏதோ ஒரு மாத்திரை என்று தெரிவதற்குள் விடிந்துவிட்டது. விடிந்தபோது அவன் இல்லை.

அது நடந்த எட்டாம் நாள் டாக்டரம்மா என் கவுண்டருக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எழுத்தரே, ஒரு படிவம் தயார் பண்ணணும். நிரப்புறதுக்குச் சரியா ஏழு நிமிஷம் ஆகணும். அதுக்கு மேல போனா சண்டை வரும், குறைஞ்சா எனக்குப் பத்தாது," என்றார். எதற்கான படிவம் என்று கேட்டேன். "எதுக்கும் இல்ல," என்றார்.

பெற்றோர்களே, நீங்கள் பலரும் அந்த மஞ்சள் படிவத்தை நிரப்பியிருக்கிறீர்கள். பிள்ளையை உள்ளே படுக்க வைத்தவுடன், உங்களை நடைவழியின் இந்தக் கடைசிக்கு, என் கவுண்டருக்கு அனுப்பி, இது இல்லாமல் சிகிச்சையைப் பதிய முடியாது என்று நான் உங்களிடம் கொடுத்த படிவம். வீட்டுக்கு அருகில் உள்ள அடையாளம், பிள்ளை பிறந்தபோது எடை, படித்த பள்ளிகள், அதன் நெருங்கிய நண்பரின் பெயர், அது கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது. இத்தனையும் நீங்கள் எழுதினீர்கள். எழுதாத பேனா ஒன்றை வேண்டுமென்றே நூலில் கட்டி வைத்திருந்தேன். அதை உதறி உதறிப் பார்ப்பதிலேயே ஒரு நிமிடம் போகும். பிறகு நல்ல பேனாவை இழுப்பறையில் தேடுவேன். என்னை நீங்கள் திட்டியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல உட்கார்ந்திருக்கிறானே என்று ஓர் அம்மா சொன்னார். அவர் இங்கேதான் இருக்கிறார்.

அந்தப் படிவம் எங்கேயும் போகவில்லை ஐயா! எந்தக் கோப்பிலும் இல்லை. சாயங்காலம் டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் வாங்கித் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுவிடுவார். அது உங்களை அறைக்கு வெளியே நிறுத்துவதற்கான படிவம். நீங்கள் பேனாவை உதறிய அந்த நேரத்தில்தான் உங்கள் பிள்ளை எதை விழுங்கினேன், எத்தனை விழுங்கினேன், யார் கொடுத்தார்கள் என்று காது டாக்டரிடம் சொன்னது. அதனால்தான் பிழைத்தது.

கண்காணிப்பாளர் அவர்கள் என்னைப் பார்க்கிறார். இதை அவரிடம்கூட நாங்கள் சொன்னதில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

இனிச் சொல்லப் போவது என் வீட்டுக் கதை. என் மகளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பள்ளி ஆசிரியை ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் நடைவழியில் வந்தார். பெயர் பதிய வழக்கம்போல் தலையைத் தூக்கினேன். நாற்காலியில் என் மகள். பதினாறு வயது. உதடு வெளுத்து, கண் பாதி மூடி, கழுத்தில் நரம்பு குதித்துக்கொண்டிருந்தது.

நான் கவுண்டரைத் தாண்டி ஓடினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனேன். என்னம்மா சாப்பிட்டே என்று நானே கேட்டேன். தலைவலி மாத்திரை ரெண்டு என்றாள். டாக்டரம்மா அவள் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படிவம் என்றார்.

எனக்கா படிவம்? அது வெறும் காகிதம் என்று இந்த உலகத்தில் தெரிந்த இரண்டே பேரில் ஒருவன் நான்! வேறு எந்த அப்பாவும் செய்ய முடியாத தவறை நான் செய்தேன். போக மாட்டேன் என்று நின்றேன். "என் பொண்ணு என்கிட்ட பொய் சொல்ல மாட்டா டாக்டரம்மா," என்றேன்.

பதினோரு வருடம் கவுண்டரில் இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்? கேட்கும்போதெல்லாம் பாவம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்கே பொருந்தியது. டாக்டரம்மா இரண்டாவது முறை படிவம் என்றார். நான் அசையவில்லை. மகள் மறுபடியும் ரெண்டு என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் நாடி ஓடியது, பிறகு தடுமாறியது. இருபது நிமிடத்தை நான் தின்றேன்.

டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டுக்கு இப்படி ஆகாது. என்னன்னு தெரியாம நான் கொடுக்கிற மருந்தே அவளைக் கொன்னுடும். அவ உங்களுக்குப் பயப்படல, உங்க முகம் வாடிடுமேன்னு பயப்படறா. வெளியே போங்க."

போனேன். என் கவுண்டருக்கு முன்னால், நீங்களெல்லாம் நிற்கிற பக்கத்தில் நின்றேன். செவிலியர் அக்கா உள்ளே என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் தாளை நீட்டினார். நிரப்பினேன். வெறும் காகிதம் என்று தெரிந்தே நிரப்பினேன். நெருங்கிய நண்பரின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது? அதுவும் தெரியவில்லை. அந்தக் கேள்வியை எழுதியவனே நான்தான்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா மருந்தறைக்கு ஓடினார். என் மகள் அவரிடம் சொல்லிவிட்டாள், விழுங்கியது இரண்டு வகை மாத்திரைகள். கண் விழித்துப் படிக்க மாதக்கணக்கில் ஒன்று, படபடப்பு தாங்காமல் அதை அடக்க அன்றைக்குக் கைநிறைய இன்னொன்று. ஒன்றை மட்டும் நினைத்து மருந்து கொடுத்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். நான்கு நாள் கழித்து என் மகள் எழுந்து உட்கார்ந்து, தலையை யார் இப்படிக் கோணலாகப் பின்னியது என்று கேட்டாள். நான்தான் பின்னியிருந்தேன்.

எது, எத்தனை என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை. அன்றைக்குத் தெரியாமல் எண்ணிக்கை கூடிப்போனதா, அல்லது வேண்டுமென்றே விழுங்கினாளா? அதை அவள் அந்த ஏழு நிமிடத்தில் டாக்டரம்மாவிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்டேன். கவுண்டரில் தினமும் பார்க்கிற ஆள் என்றுகூட டாக்டரம்மா இளகவில்லை. "அது அவளோடது. கொடுக்கணும்னு தோணினா கொடுப்பா. நீங்க பிடுங்காதீங்க," என்றார். சாகும் வரை சொல்லவில்லை.

இந்த மூன்று வருடம் நான் எப்படி வாழ்கிறேன் தெரியுமா? மருந்தெல்லாம் பூட்டில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவுக்கு வெளியே நின்று காது கொடுக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் நெஞ்சு நிற்கிறது. மாலையில் ஐந்து நிமிடம் தாமதமானால் தெருவுக்கு வந்துவிடுகிறேன். எனக்குத் தைரியம் சொல்ல நடைவழியின் அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். "பயப்படுங்க, தப்பில்ல. உங்க பயத்தை அவ தலையில வைக்காதீங்க, என்கிட்ட கொண்டுவாங்க," என்பார். இப்போது அதை எங்கே கொண்டுபோவேன்?

மஞ்சள் படிவம் என்ற அந்தப் பொய்யை அவர் சொன்னபோது அது மருந்தாக வேலை செய்தது. அவர் இல்லாமல் நான் தனியாகச் சொன்னால் வெறும் பொய்யாகத்தான் இருக்கும். அதனால்தான் இன்று எல்லோர் முன்னிலும் அதைப் போட்டு உடைத்தேன். நாளை முதல் என் கவுண்டரில் மஞ்சள் படிவம் கிடையாது. ஒரு நாற்காலி இருக்கும். உங்கள் பிள்ளை உள்ளே பேசிக்கொண்டிருக்கிறது, முடியும்வரை இங்கே என்னோடு உட்காருங்கள் என்று நேராகவே சொல்வேன். உட்காருவீர்களா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வராமல் இருப்பீர்களா? என் பிள்ளை பொய் சொல்லாது என்ற வாக்கியத்தை விழுங்கிக்கொள்வீர்களா? பிள்ளைகளே, எதை விழுங்கியிருந்தாலும், நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், உடனே வருவீர்களா? திட்டு வாங்காமல் உள்ளே போக முடியும் என்பதற்கு நான் பொறுப்பு. புதிதாக வரும் டாக்டர் யாராக இருந்தாலும், நடைவழியின் இந்தக் கடைசியை நான் காப்பேன். டாக்டரம்மாவின் படத்துக்கு முன்னால் இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று என் மகள், தானும் இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்றாள். டாக்டரம்மாவிடம் அன்றைக்குச் சொன்னதை இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம். சந்தோஷமாகத் தலையாட்டினேன். அப்புறம் சொன்னாள். "நீங்க இருந்தா என்னால பேச முடியாதுப்பா."

ஊரே கேட்கலாம், பெற்ற அப்பன் மட்டும் கேட்கக் கூடாதா என்று வாய் வரைக்கும் வந்தது. சரிம்மா என்றேன்.

பெரியோர்களே, எனக்கு அடுத்துப் பேச வருவது அவள்தான். அதோ, எழுந்துவிட்டாள். வழி விடுங்கள். தயவுசெய்து குறுக்கே பேசாமல் கேளுங்கள், பிறகு என்னிடம் யாரும் எதுவும் சொல்லாதீர்கள். நான் வெளியே போகிறேன். கதவை நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள்.