நெல்லிமரத்துக்கொல்லைக்குப் பச்சை

ஐயா, விசாரணையை ஆரம்பிக்கும் முன் இந்த மேஜையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திக்கொள்ளலாமா? ஜன்னலுக்கு நடுவில் வரவில்லை, ஒரு சாண் தள்ளி இருக்கிறது. வேண்டாமா, சரி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். இப்படி ஒரு அரைப்பைத்தியம் நான் என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கிவிடும்.

பெயர் இன்னாசிராஜ். யூனியன் ஆபீசில் புள்ளிவிவர கிளார்க். சம்பளம் வாங்குவது அதற்குத்தான், ஆனால் மனசுக்குள் பெரிய ஓவியன் என்று ஒரு நினைப்பு. வீட்டில் என் சம்சாரம் மிக்கேலம்மாளுக்கு இது நன்றாகத் தெரியும். தட்டில் குழம்பு ஓடிப் பொரியல் பக்கம் போய்விட்டால் நான் சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். "தட்டுலயும் கோடு போட்டுத் தரட்டுங்களா?" என்பாள். ஒரு தடவை நிஜமாகவே அடுப்புக்கரியால் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். கோடு கோணலாக இருந்தது. அதையும் சொல்லித்தான் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆபீசில் ஒரு பலகை உண்டு, நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஒன்றியத்து ஊர்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஜனத்தொகை, கிணறு, தண்ணீர் எப்படி என்று தனித்தனிக் கட்டம். விவரம் என்னுடையதல்ல. சுகாதாரப் பிரிவிலிருந்து துண்டுச்சீட்டு வரும், வந்ததை அப்படியே கட்டத்துக்குள் எழுதுவேன். எழுத்து எவ்வளவு பெரிசு, கோடு எவ்வளவு தடிமன், எந்த வரிசைக்கு என்ன வர்ணம் என்பதெல்லாம் என் பாடு. பச்சை என்றால் நல்ல தண்ணீர். மஞ்சள் என்றால் தண்ணீர் குறைவு. சிவப்பு என்றால் குடிக்க ஆகாது, அந்த ஊருக்கு டேங்கர் போக வேண்டும். அந்த வர்ண முறையைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதற்காக பி.டி.ஓ. ராஜப்பன் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

முறை நன்றாகவே வேலை செய்தது. எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில் டேங்கர் டிரைவர் தர்மன் ஆபீசுக்குள் வருவதையே நிறுத்திவிட்டான். வண்டியை ஜன்னலோரம் நிறுத்துவான், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் பலகையை எட்டிப் பார்ப்பான், சிவப்பு தெரிந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ராஜப்பன் சாரும் அப்படித்தான். வர்ணம் வந்தபிறகு கட்டத்துக்குள் இருப்பதை யாரும் படிக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், என் எழுத்து அழகானது.

இந்த விவகாரம் நடந்த மாதம் மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. பலகை பிடித்திருந்தால் தர்மபுரிக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள் என்று ராஜப்பன் சார் வாயை விட்டார். போதாதா எனக்கு. கடத்தூருக்கு பஸ் ஏறிப் போய் எனாமல் பெயிண்டும் வார்னிஷும் வாங்கி வந்து, பலகை முழுவதையும் புதிதாக எழுதினேன். சோறு தண்ணீர் நினைப்பில்லை. மேலே பச்சை, இடையில் மஞ்சள், அங்கங்கே ஒரு சிவப்பு. தாவணி பார்டர் மாதிரி வந்திருந்தது. வார்னிஷும் அடித்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தச் சீட்டு வந்தது. நெல்லிமரத்துக்கொல்லை, சித்தேரி மலைக்குக் கீழே இருக்கிற சின்ன ஊர். அந்த ஊர் மேல் எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு. பெயரை எழுதினால் கட்டத்தை விட்டு வெளியே போகும். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் வாந்திபேதிக் கிருமி இருக்கிறது, குடிக்க ஆகாது என்று சீட்டில் எழுதியிருந்தது.

பலகையில் அந்த ஊருக்கு மேல் வரிசை சிவப்பு. கீழ் வரிசையும் சிவப்பு. இதையும் சிவப்பாக்கினால் மூன்றும் ஒட்டிக்கொண்டு வெற்றிலை எச்சில் துப்பின மாதிரி ஒரே திட்டாகத் தெரியும். ஊர்களை இடம் மாற்றி எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவை பஸ் போகும் வழிப்படி இருந்தன, மாற்றினால் தர்மன் குழம்பிப்போவான். எனக்கு அவன் மேல் அவ்வளவு அக்கறை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டத்துக்குள் 'குடிக்க ஆகாது' என்று சின்ன எழுத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வர்ணத்தைப் பச்சையாகவே விட்டேன். அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப ஒரு கை வார்னிஷ் கொடுத்தேன். விவரத்தில் நான் கை வைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அன்றைக்கு மத்தியானமே அந்த ஊரிலிருந்து ராமக்காள் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவர்கள் ஊரில் யாரும் படித்தவர்கள் இல்லை, ஆனால் புத்தியில்லாதவர்களும் இல்லை. தண்ணீர் வாடை அடிக்கிறது என்று அவர்களாகவே அந்தக் கிணற்றை விட்டுவிட்டு, மலைமேல் ஊற்றுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கொளந்தைங்கள வெச்சிக்கினு ஏற முடியலைங்க. எங்க ஊருக்கு வண்டி வருங்களா, வராதுங்களா?" என்று கேட்டாள்.

நான் பலகையைக் காட்டினேன். "உங்க ஊரு பச்சைம்மா. பச்சைன்னா வண்டி வராது."

"பச்சைன்னா தண்ணி நல்லா இருக்குதுங்களா?"

"ஆமா."

"அப்ப எங்க கெணத்துத் தண்ணியவே குடிக்கலாங்களா?"

குடிக்கலாம் என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "நல்லா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மலையேற வேண்டாம் என்கிற சந்தோஷம். அன்று சாயங்காலமே ஊரில் கிணற்றுக்குக் கயிறு போட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் திரும்ப வந்தாள். இந்தத் தடவை இடுப்பில் குழந்தை இல்லை. குழந்தைக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை என்றும், பக்கத்து வூட்டு ஆண்டிக்கும் அதேதான் என்றும் சொன்னாள். என்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. பலகையைத்தான் பார்த்தாள்.

"பச்சை மாறலீங்களே?"

"மாறலைம்மா."

அதில் பொய் ஏதும் இல்லை ஐயா. மாறவில்லைதான். அப்படியானால் தண்ணீர் காரணமில்லை, வேறு ஏதோ சாமி குத்தம் என்று அவளாகச் சொல்லிக்கொண்டாள். நான் இரண்டு நாளில் டாக்டர் வருவார், அதுவரை நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடு என்று சொல்லி அனுப்பினேன். பேதிக்கு அதுதான் வைத்தியம் என்று எங்கேயோ படித்திருந்தேன். பார்த்தீர்களா, கேட்காமலே யோசனை சொல்லுகிற குணம் எனக்கு.

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார். பலகை முன்னால் நின்று, "யார்ய்யா இது, பேஷா இருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜப்பன் சார் என் தோளில் தட்டினார். கட்டத்துக்குள் இருந்ததை இரண்டு பேரும் படிக்கவில்லை. அதை முதன்முதலில் கிட்டே போய்ப் படித்தவர் நீங்கள்தான். எழுத்து தெளிவாக இருந்ததல்லவா?

ஐந்து பேர் என்று சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். முதலில் குழந்தை, அப்புறம் ஆண்டியும் அவன் பெண்சாதியும், ஒரு கிழவர், கடைசியில் ராமக்காள். சேதி கேட்ட அன்று நான் சோறு சாப்பிடவில்லை. மிக்கேலம்மாள் ஜெபமாலையை எடுத்துக் கையில் கொடுத்தாள், அதையும் சொன்னேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அழுகையே வந்தது.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். பச்சை அடித்ததை விடு, அவள் நேருக்கு நேர் கேட்டபோது என்ன சொன்னாய் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவள் பலகையைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். சீட்டு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் பாட்டுக்கு ஊற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருப்பார்கள். தெரிந்தேதான் குடிக்கலாம் என்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காரணத்தையும் எழுத வேண்டுமென்றால், அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆகாது என்றால் ஏன், எதற்கு என்று அவள் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஏற்கெனவே எங்க ஊரு எதுங்க என்று விரலை நீட்டிக்கொண்டு பலகைக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டாள். வார்னிஷ் இன்னும் காயவில்லை.