குளிப்பாட்டிய யானைக் காசு

நாள்: 17.02.2025, திங்கட்கிழமை, காலை 11.15 மணி. இடம்: சேலம் மாநகரக் காவல் நிலையம். பதிவு செய்பவர்: உதவி ஆய்வாளர் திருமதி அமுதவல்லி.

என் பெயர் சின்னுசாமி. வயது 71. தகப்பனார் பெயர் காளியண்ணன், காலமாகிவிட்டார். சங்ககிரியில் கதவு எண் 4/117 உள்ள சொந்த வீட்டில் மனைவி உண்ணாமலையுடன் வசித்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். லாரி பட்டறையில் வண்டிகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதும் வேலையை நாற்பது வருடம் செய்து நிறுத்திவிட்டேன். பழைய காசு சேர்ப்பது 1983 முதல் எனக்குப் பழக்கம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

கடந்த 11.02.2025 செவ்வாய்க்கிழமை இதே நிலையத்தில் நான் ஒரு புகார் கொடுத்தேன். சேலம் கடைவீதியில் தராசுக் கடை வைத்திருக்கும் ஜான் பாஷா, வயது 64, என்பவர் எங்கள் நாணயச் சங்கக் கூட்டத்தில் என் செப்புக் காசை எடுத்துக்கொண்டு வேறு காசை மாற்றி வைத்துவிட்டார் என்று அதில் சொல்லியிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் புகாரின் மேல் இன்று வழக்குப் பதிவாகும் என்று சொல்லியிருந்ததால், அதற்கு முன்பாக யாரும் கூப்பிடாமல் நானாக வந்து, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மேற்படி காசு திப்பு சுல்தான் காலத்து யானைக் காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் அச்சடித்த ஊரின் பெயர். 1994இல் பள்ளிபாளையத்தில் பழைய பாத்திரம் வாங்கி விற்பவரிடம் வாங்கினேன். பின்பக்கப் பாரசீக எழுத்தை எனக்குப் படித்துச் சொன்னவர் ஜான் பாஷாதான். என்னிடம் உள்ள எல்லாக் காசுகளின் எடையையும் நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்தக் காசின் எடை 11.24 கிராம் என்று அதில் இருக்கிறது. நோட்டை ஒப்படைத்திருக்கிறேன்.

எங்கள் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் கடந்த மாதக் கடைசியில், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் மோகன்குமார் தன் யானைக் காசின் படத்தைப் போட்டார். தந்தம், துதிக்கை எல்லாம் தெளிவாக இருந்தன. எல்லோரும் பாராட்டினார்கள். அதன் பிறகு நானும் என் காசைப் படம் எடுத்துப் போட்டேன். என் காசில் பச்சை பூத்துப் பாதி யானை மறைந்திருந்தது. மோகன்குமார் கீழே, "பெரியப்பா, இது ஆனைங்களா, எருமைங்களா?" என்று எழுதினார். பதினான்கு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஜான் பாஷா போடவில்லை.

பழைய காசைத் தேய்த்துக் கழுவக் கூடாது என்பது எங்களுக்குள் முதல் கட்டுப்பாடு. காலம் ஏற்றிய நிறம் போனால் காசு போனதற்குச் சமம். அப்படிக் கழுவிய காசைக் குளிப்பாட்டிய காசு என்று சொல்லுவோம். இந்த விஷயத்தில் சங்கத்திலேயே கடுமையாகப் பேசுகிறவன் நான்தான். ஆட்டையாம்பட்டி ஆசிரியர் கலையரசன் இரண்டு வருடத்துக்கு முன் தேய்த்து மினுக்கிய காசு ஒன்றைக் கொண்டுவந்தபோது, "குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுக் கொண்டாந்திருக்கறயே, இதென்ன பொண்ணு பாக்கற எடமா?" என்று எல்லோர் முன்பும் கேட்டேன். அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. அதையும் இதில் எழுதச் சொல்கிறேன்.

06.02.2025 வியாழக்கிழமை காலை, மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயம், நான் சமையலறையில் இருந்த பித்தளைக் கிண்ணத்தில் புளி கரைத்து யானைக் காசை அதில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். சனிக்கிழமை மதியம் எடுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சை முழுவதும் போய்விட்டது. துதிக்கை தெரிந்தது, கண் தெரிந்தது, வால் நுனியில் முடி கூடத் தெரிந்தது. கூடவே காசு புதுச் செம்பு போல் சிவந்துவிட்டது. அதன் பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, துணியால் துடைத்து, பழைய நிறம் போலச் செய்தேன். திரும்ப எடை போட்டுப் பார்க்கவில்லை.

09.02.2025 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மாதக் கூட்டம், வழக்கம் போல, அன்று விடுமுறையாக இருக்கும் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியில் நடந்தது. எட்டுப் பேர் வந்திருந்தோம். நடுவில் வெல்வெட் துணி விரித்து வட்டமாக உட்காருவோம். வைத்த காசு ஒவ்வொரு கையாகச் சுற்றி வரும். விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும், துணிக்கு மேலே வைத்துத்தான் பார்க்க வேண்டும், உடையவர் கைக்குத் திரும்பி வரும் வரை யாரும் பேசக் கூடாது. என் யானைக் காசு என் வலது பக்கத்தில் இருந்து சுற்றி, கடைசியாக என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஜான் பாஷாவிடம் வந்தது. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், மூக்கருகில் கொண்டுபோனார், என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் காதருகில் குனிந்து, "அண்ணா, காசு குளிச்சிருக்குதே" என்றார்.

அதை எதிரில் இருந்த மோகன்குமார் கேட்டுவிட்டார். "அட, பெரியப்பாவே சீயக்காய் போட்டுட்டாருங்களா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான், "இது எம்பட காசே இல்லை" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன். யோசித்த பிறகும் திருப்பிக்கொள்ளவில்லை. "நான் வெச்சது பச்சை பூத்த காசு, கடைசியா யார் கையில இருந்து வந்துச்சுன்னு பாத்துக்கங்க" என்றேன்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஜான் பாஷா, யாரும் கேட்காமலே, சட்டைப் பையிலும் பேண்ட் பையிலும் இருந்ததை எடுத்து வெல்வெட் துணி மேல் வைத்தார். கைக்குட்டை, கடைச் சாவி, சர்க்கரை மாத்திரை அட்டை, டவுன் பஸ் டிக்கெட் இரண்டு இருந்தன. சங்கச் செயலாளர் அன்பரசு நான் கொண்டுபோயிருந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் காசை என் தராசில் வைத்தார். 10.91 காட்டியது. நோட்டில் 11.24 இருக்கிறது. பச்சையும் செம்பும் புளியில் கரைந்ததால் குறைந்த எடை அது. எனக்கு உடனே விளங்கியது. மற்றவர்கள் அதைத் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். அந்தச் சிறிய தராசு, ஜான் பாஷா தன் கடையில் இருந்து லாபம் வைக்காமல் எனக்குக் கொடுத்தது.

அன்று மாலையே ஜான் பாஷாவைக் குழுவில் இருந்து நீக்கினார்கள். மறுநாள் அன்பரசு போன் செய்து, புகார் கொடுக்காவிட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும், சங்கத்துக்கும் கெட்ட பெயர் என்று சொன்னார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அப்போது ஒரு சந்தர்ப்பம் இருந்தது. நான் செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி வந்து புகார் கொடுத்தேன்.

அதன் பிறகு 15.02.2025 சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, என் காசை அடையாளம் காட்ட வரச் சொல்லி நிலையத்தில் இருந்து அழைத்தார்கள். வந்தபோது ஜான் பாஷா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் இருந்த காசுகள் அனைத்தையும் மேசை மேல் கொட்டியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எங்கே எப்போது கிடைத்தது என்று ஒரு சீட்டும் வைத்திருப்பார். எழுதியவர் அவர் மனைவி அஜீஸுன்னிசா. அந்த அம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. யானைக் காசைத் தேடுவதற்காக உறைகளை உதறியதில் காசு ஒரு குவியல், சீட்டு ஒரு குவியல் என்று கிடந்தன. மேலே கிடந்த சீட்டில் "ஆத்தூர் சந்தை, நல்ல மழை, பேரம் பேசாமல் கொடுத்தார்" என்று இருந்தது. எந்தக் காசுக்கு உரிய சீட்டு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. காவலர் ஒருவர் வெள்ளிக் காசு ஒன்றை முகம் தெரியக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜான் பாஷா பெஞ்சில் இருந்தபடியே, "சார், விளிம்புல புடிங்க சார்" என்றார்.

யானைக் காசு ஏழு இருந்தன. ஒவ்வொன்றாக எடை போடச் சொன்னார்கள். ஐந்தாவது காசு 11.24 காட்டியது. அதே காலத்தில் அடித்த காசுகள் ஒரே எடையில் இருப்பது சாதாரணம். அது எனக்குத் தெரியும், காவலர்களுக்குத் தெரியாது. இதுதானா என்று கேட்டார்கள். "இருக்கலாமுங்க" என்றேன். அந்தக் காசைத் தனி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். ஜான் பாஷா என்னைப் பார்க்கவில்லை, உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் அவர் மகள் தஹ்சீன் சாப்பாட்டுக் கேரியருடன் உள்ளே வந்தாள். சிறு வயதில் இருந்து எனக்குத் தெரிந்த பெண். தகப்பனார் மேல் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்து, "மாமா, நீங்க வந்துட்டீங்களா? அத்தாவுக்காகக் கொஞ்சம் பேசுங்க மாமா" என்றாள். ஜான் பாஷா, "அண்ணன் வேற வேலையா வந்திருக்காரும்மா, தொந்தரவு பண்ணாதே" என்றார். அவள் கேரியரைத் திறந்துகொண்டே, "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்திருக்கிறேன். அங்கே ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி உண்ணாமலை பித்தளைக் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். அதற்கு முன் 13.02.2025 வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த காவலரிடம் அவள் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தாள். "ரெண்டு நாளா எம்பட கிண்ணத்துல அந்த ஆனை புளித்தண்ணிக்குள்ள கெடந்தது எனக்குத் தெரியாதுங்களா? ஒருக்கா உங்களுக்காகப் பொய் சொல்லிப்போட்டேன். இன்னொருக்கா வந்து கேட்டா சொல்ல மாட்டேனுங்க" என்றாள். அவளுக்குப் பயந்து நான் இங்கே வரவில்லை. பயம் இல்லை என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு, நான் செய்ததை அப்படியே குழுவில் எழுதிப் போட்டேன். முதலில் எழுதியவர் மோகன்குமார். "விடுங்க பெரியப்பா, வயசானா மறதி வர்றது சகஜம்தானுங்க" என்று எழுதினார். எனக்கு மறதி இல்லை என்று பதில் போட்டேன். அவர் என் காசை எருமை என்று எழுதியதை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை, பொறுத்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனால் அது எனக்கும் அவருக்கும் உள்ளது. அதற்கும் ஜான் பாஷாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு விசாரணைக்காக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜான் பாஷாவிடம் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரக்கு வைத்த காசு அவருடையது என்று எனக்குத் தெரிந்தே "இருக்கலாம்" என்றேன் என்பதையும் சொன்னேன். சீட்டுகளைச் சேர்த்துப் பார்க்க என்னையும் கூட வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். அவர், "அண்ணா, அன்னிக்கு நான் உங்க காதோடதானே சொன்னேன்" என்றார். அதன் பிறகு எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

இதை எழுதத் தொடங்கும் முன் உதவி ஆய்வாளர் அவர்கள், "ஐயா, தவறான புரிதலால் புகார் கொடுத்துட்டேன்னு போட்டுக்கலாம். உங்க வயசுக்கு அதோட முடிஞ்சிரும். பொய்ப் புகார்னு எழுதினா உங்க மேல நடவடிக்கை வரும்" என்று சொன்னார்கள். ஜான் பாஷாவும் உள்ளே வந்து, "அப்படியே போட்டுருங்க மேடம், போதும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவறான புரிதல் என்று எழுதினால், எட்டுப் பேர் கூடியிருந்த இடத்தில் அவர் மேல் சந்தேகம் வர ஏதோ காரணம் இருந்தது என்று ஆகும். ஒரு காரணமும் இல்லை. "நான் புரியாம ஒண்ணுஞ் சொல்லலீங்கம்மா, தெரிஞ்சு சொன்னேன், தெரிஞ்சுன்னே எழுதுங்க" என்று சொன்னேன். அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

அரக்கு வைத்த காசையும் மற்றக் காசுகள், சீட்டுகள் அனைத்தையும் ஜான் பாஷாவிடம் இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னுடைய 10.91 கிராம் காசை, தேய்த்த பிரஷ்ஷோடு சேர்த்து, என் பொய்க்குச் சாட்சியாக இங்கே வைத்துக்கொள்ளலாம்.

நான் சொன்னபடி எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் "தெரிந்தே" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று மறுபடியும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இதில் உள்ளது எல்லாம் உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கா. சின்னுசாமி