ஏழாவது பொத்தான்

தேநீரில் சர்க்கரை சரியாக இருக்கிறது, நன்றி. அரசாங்க அலுவலகங்களில் பெரும்பாலும் பாகு மாதிரி கொடுப்பார்கள்.

உங்கள் கேள்வி ஒன்றுதான். பாட்டு சிடிக்களை நகலெடுக்க, எங்கள் சங்கத்துக்கு எளிமையான மென்பொருள் ஒன்றைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். வக்தி என்கிற நான் ஏன் போயும் போயும் கடினமானதைத் தேர்ந்தெடுத்தேன்? நியாயமான கேள்வி. எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அலெக்சாந்திரியாவில், இப்ராஹிமிய்யா பகுதியில் இருக்கிறது எங்கள் பார்வையற்றோர் சங்கம். உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். கண் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், பதினொரு வருடமாக அவர்களுக்குக் கடிதம் படிப்பது, சிடி நகலெடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். சம்பளம் கிடையாது. மனசு கேட்காமல் செய்வதுதான்.

சும்மா செய்துவிடக்கூடிய வேலை இல்லை அது. கடிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே படித்துவிட முடியுமா? பய்யூமி என்று ஒருவர், ஊத் வாத்தியத்துக்கு நரம்பு கட்டுகிறவர். அவருடைய அண்ணன் குவைத்திலிருந்து, இங்கே வந்து என்னோடு இரு என்று மூன்று முறை எழுதினார். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். முன்பின் தெரியாத ஊரில் அவரை யார் பார்த்துக்கொள்வது? சிடிக்களும் அப்படித்தான். நகலெடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டுவிடுவேன். விதவைப் பெண்கள் கேட்கக்கூடாத பாட்டு ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, நல்லதாக ஒன்று சேர்ப்பேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் பய்யூமிதான் இந்தப் பேச்சை ஆரம்பித்தார்.

"வக்தி பாஷா, ஒரு சிடிக்கு உங்க வாசல்ல எத்தன தடவதான் நிக்கிறது? கலியாணத்துக்குப் பாட்டு கேட்டா, புள்ள பொறந்தப்புறம்தான் கைக்கு வருது. நாங்களே பண்ணிக்கிற மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க. என்ன மாதிரி முட்டாளுக்கும் புரியணும்."

"முட்டாள்ங்கறத நீங்களே சொல்லிட்டீங்க, எங்களுக்கு வாய் வலி மிச்சம்" என்றார் ரத்தீபா.

ரத்தீபா முப்பது வருடம் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுத்தவர். கணவர் ஷுக்ரியும் பார்வையற்றவர்தான். தொண்டையில் புற்றுநோய் வந்து இறந்தார். குரல் போவதற்கு முன் மனைவிக்காக ஒரு சிடியில் பேசிப் பதிந்து வைத்திருந்தார். வேறெங்கும் நகல் இல்லை. அழித்து அழித்து எழுதும் வகை வட்டு என்பதால், வீட்டுப் பாட்டுப் பெட்டி அதைப் படிக்கத் திணறியது. "ரத்தீபா, டீயக் கீழ வச்சிட்டுக் கேளு" என்கிற வரை வரும், அதற்குப் பிறகு திக்கி நின்றுவிடும். சாதாரண வட்டில் நகலெடுத்தால் வீட்டில் பாடும்.

"குடுங்க மேடம், நாலு நிமிஷ வேலை" என்று எத்தனையோ தடவை கேட்டேன்.

"வேணாம் வக்தி. அது எனக்குப் பேசினது. நானே எடுத்து, வீட்டுல கதவச் சாத்திட்டுக் கேக்கணும்."

எனக்கு வருத்தமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மென்பொருள்களைச் சோதித்தேன். முதலாவது மிக எளிது. வட்டை உள்ளே தள்ளி ஒரே ஒரு விசையை அமுக்கினால் போதும். "நகலெடுக்கிறேன்", "முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அதுவே அரபியில் வாய்விட்டுச் சொல்லும். கழுத்துப் பட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு செய்துபார்த்தேன். நான்கு நிமிடத்தில் நகல் என் கையில் இருந்தது. பதினொரு வருட உழைப்பை ஒரே விசையில் முடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

இரண்டாவதில் பொத்தான்கள் பத்தொன்பது. ஒன்றிலும் எழுத்து இல்லை, அழகழகான படங்கள்தான். திரையைப் படித்துச் சொல்லும் குரல், எதன்மேல் போனாலும் "பொத்தான்" என்று மட்டும் சொல்லும். சங்கக் கூட்டத்தில் சுட்டியால் நானே அதை இயக்கிக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். "வண்ணங்கள் கண்ணுக்கு இதமாக உள்ளன" என்று குறிப்பேட்டில் எழுதி, நாற்பத்து மூன்று பேரிடமும் கைநாட்டு வாங்கினேன்.

ஒரே வாரத்தில் எல்லோரும் என்னிடமே திரும்பி வந்தார்கள். பய்யூமி கணினியோடு மல்லுக்கு நின்றார். "பொத்தான் பொத்தான்னு உயிர வாங்குது. இவனுக்கு வேற பேச்சே கத்துக் குடுக்கலியா?" என்று திட்டிவிட்டு, சிடியை என் மடியில் போட்டார்.

ரத்தீபா மட்டும் வரவில்லை. மூன்று வாரம் சங்கக் கணினி முன் உட்கார்ந்து, வேறு வட்டுகளை வைத்து, எத்தனையாவது பொத்தானில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். நகலெடுக்க ஏழாவது பொத்தான். நிஜமாகவா என்று அது ஒரு கேள்வி கேட்கும். இன்னொரு தடவை அமுக்கினால் போதும். எண்ணி எண்ணி மனப்பாடம் செய்துவிட்டார். நான் பாராட்டினேன்.

நீங்கள் விசாரிக்கக் கூப்பிட்டது இதுவரைக்கும்தான். ஆனால் கோப்பு அரைகுறையாக இருப்பது அஞ்சலகத்தில் வேலை பார்த்தவனுக்குப் பிடிக்காது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று வியாழக்கிழமை. ரத்தீபா ஷுக்ரியின் வட்டைத் தன் கையாலேயே மேல்தட்டில் வைத்தார், புது வட்டைக் கீழ்த்தட்டில் வைத்தார். அதற்குள் அஸர் பாங்கு சொல்லிவிட்டதால், தொழுதுவிட்டு வருகிறேன் என்று போனார். நான் காதில் மாட்டும் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் புருஷன் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சு, அதை இங்கே சொல்வது நாகரிகம் அல்ல. அதற்குப் பிறகு இப்படிச் சொன்னார்:

"வக்தி நல்லவருதான். ஆனா அவரு படிக்கிற கடுதாசியில எல்லாரும் வக்தி மாதிரியே பேசறாங்க. எங்க அம்மா சாகறதுக்கு முந்தி எழுதினதுலகூட. நீ அவருகிட்ட எதையும் குடுத்துடாத. தப்புத் தப்பா வந்தாலும் பரவால்ல, நீயே பண்ணு."

பதினொரு வருட நன்றி இது. பேச முடியாத நிலைமைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், மருந்து மயக்கத்தில் ஏதோ உளறியிருக்கிறார். அதைக் கேட்டால் அந்த அம்மாவின் மனசு என்ன பாடுபடும்? மென்பொருளின் அமைப்பில் ஒரு கட்டம் இருக்கிறது. மறைந்திருக்கும் பொத்தான்களையும் காட்டு என்று அர்த்தம். அதில் ஒரு குறி வைத்தேன். நகலெடுக்கும் பொத்தான் எட்டாவது இடத்துக்குப் போனது. ஏழாவது இடத்துக்கு, மேல்தட்டு வட்டை அழிக்கும் பொத்தான் வந்தது.

ரத்தீபா தொழுதுவிட்டு வந்து, காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாய்விட்டு ஏழு எண்ணினார். அமுக்கினார். அதே கேள்வி வந்தது, மறுபடி அமுக்கினார். வட்டு சுழல ஆரம்பித்தது.

"சத்தம் வேற மாதிரி இருக்கே?"

"பழைய வட்டு மேடம், அப்படித்தான் இருக்கும்."

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். கேட்காமல் ஒரு பெண்மணியின் கையைப் பிடித்து இழுக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல" என்றார் கடைசியில். பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசவும் எனக்கு வராது. அடுத்த கூட்டத்தில், கண் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் கணினியைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் பய்யூமி. அதே பய்யூமிதான் பிற்பாடு துனிசில் இருக்கும் சிநேகிதர் மூலம் அந்த எளிய மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டு, உங்களுக்கு மனு போட்டது.

முந்தாநாள் ரத்தீபா என் வீட்டுக்கு வந்தார். தனியாக டிராமில் வந்திருந்தார். டீ வேண்டாம் என்றார்.

"நான் தொழப் போனப்ப நீங்க கேட்டிருக்கீங்க. நான் வந்து காதுக் கருவிய எடுத்து மாட்டினப்ப சூடா இருந்துச்சு."

நான் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"சண்ட போட வரல வக்தி. அத முழுசா கேட்ட ஆள் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அவரு என்ன சொன்னாரு? ஒரு வார்த்த மாத்தாம சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் சொன்னேன். "'ரத்தீபா, எனக்கப்புறம் வக்திய நம்பு. அவரு கண்ணு உன் கண்ணுன்னு நெனச்சுக்கோ, எதையும் தனியாப் பண்ணாத'ன்னு சொன்னாரு மேடம்."

"அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியே."

அவர் கோலைத் துழாவி எடுத்துக்கொண்டு எழுந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. ஆனந்தக் கண்ணீர்தான். எதிரில் உட்கார்ந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.