ஜடை பின்னும் ஐந்து பையன்கள்

ஹலோ... அக்கா, நான்தான்... ஆமா ஆமா, சர்வேக்கு வந்த ஸ்கூல்லதான் இன்னும். பயாலஜி லேப்ல, எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல நிக்கறேன். என் ஹேண்ட்பேக்கை அதோட தோள்லதான் மாட்டியிருக்கேன்... அங்க ஆபீஸ்ல சார் பக்கத்துல இருக்காரா?... இல்லையா, அப்பாடா. அக்கா, பத்துக்கு ஒன்பது வந்திருக்கு... ஐயோ, மார்க் இல்லக்கா, நம்ம சிகரெட் ஆராய்ச்சியோட பத்துக் கேள்வி. ஒன்பதுக்கு ஆமான்னு போட்டிருக்காங்க. ஒருத்தர் இல்ல, ஆறு பேர்...

ஆமா, ஆறு. ஆறு பேருமே வாரத்துக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்தான். 'பதினாறு வயசுப் பிள்ளை எப்பவாவது ஊதினா அது அடிமைத்தனமா, தினம் ஒரு பாக்கெட் ஊதட்டும், அப்புறம் அளக்கலாம்'னு சொன்னாருல்ல நம்ம சார்... அதே. நாளைக்கு மீட்டிங்ல இந்தக் கேள்வித்தாளையே தூக்கிடறேன்னாருல்ல. இப்பத் தூக்கட்டும் பார்க்கலாம்... இல்லக்கா, குதிக்கல. எலும்புக்கூட்டு மேல இடிச்சுட்டேன், அதான் சத்தம்.

படிக்கணுமா?... சரி சரி. ஏழாவது கேள்வி, 'சிகரெட் இல்லாத நாள்ல தவிப்பா இருக்குமா? ஆமான்னா, எப்படி?' முதல் பேப்பர்: 'கை ஓடாது. காலைல ஜடையை மூணு தடவை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுவேன்.' பாவம் இல்ல?... அடுத்தது, 'கை ஓடாது. காலைல ஜடையை மூணு தடவை...' இருங்க. அடுத்தது... அக்கா. ஐயோ அக்கா.

சிரிக்காதீங்க, எனக்கும் அடக்க முடியல. ஆறுல ஒண்ணுதான் பொண்ணு. மீதி அஞ்சும் தடிப்பசங்க. ஒருத்தன் மெஷின் போட்டு ஒட்ட வெட்டின தலை, அவனும் ஜடை பின்னியிருக்கான்... ஆமா, வரிக்கு வரி. பையனா பொண்ணாங்கற கட்டத்தை மட்டும் சொந்தமா நிரப்பிட்டானுங்க.

எப்படியா? கணக்குப் பரிட்சை நேரம் அக்கா. 'சிகரெட் பிடிச்சுப் பார்த்தவங்க லேபுக்குப் போங்க, பரிட்சை கிடையாது'ன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. இந்த அஞ்சும் சிகரெட்டைத் தொட்டே இருக்காது. தப்பிச்சு ஓடி வந்து, பழக்கதோஷத்துல முதல் ரேங்க் பொண்ணுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, அப்படியே காப்பி... நானா? மூச்சுல சிகரெட் புகை இருக்கான்னு ஊதிப் பார்க்கற கருவிக்குப் பேட்டரி வாங்கப் போயிட்டேன். என் தப்புதான்.

போச்சு அக்கா. லேபுக்கு வந்த மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் ஜீரோ, ஒண்ணு, அவ்வளவுதான். நாளைக்கு சார் முன்னாடி எதை நீட்டறது? உங்களுக்கு இன்னும் சிரிப்பு... ம்... ம்... எந்தப் பொண்ணா? அதான் சொன்னேனே, முதல் ரேங்க். கணக்குல எப்பவும் நூத்துக்கு நூறாம். 'அவளையுமா கூட்டிட்டுப் போறீங்க'ன்னு டீச்சர்கூடப் புலம்பினாங்க...

ஆமாக்கா. அவ எதுக்குப் பரிட்சையை விட்டுட்டு வரணும்?

அத்தனை பேர் முன்னாடி எழுந்து வந்திருக்கா அக்கா. மத்தவனுங்களுக்கு லாபம், இவளுக்கு நஷ்டம்... இல்ல, அவ ஊதினப்ப கருவியில முள்ளு அசையவே இல்ல. நாலு நாளாத் தொடலையாம். கருவிக்குத் தெரியல, கேள்விக்குத் தெரிஞ்சிருக்கு... ஆமா, ஆமா, அவளோடதுதான் நிஜம். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு அக்கா. இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

பத்தாவதா? அதைக் காலியா விட்டிருக்கா. 'நிறுத்தப் பார்த்து முடியாமப் போயிருக்கா?'... அவனுங்களா? அவனுங்களும் காலியாத்தான் விட்டிருக்கானுங்க, உத்தமனுங்க.

இருங்க, யாரோ கதவைத் தட்டறாங்க... வாம்மா... இல்ல, நேரமெல்லாம் முடியல, எழுதலாம்... அக்கா, அவதான். ஒரு கேள்வியை விட்டுட்டாளாம்... ம்... ம், சார்கிட்ட ஒரே ஒரு பேப்பர்தான் கொண்டு வருவேன்னு சொல்லுங்க... போதும், அது போதும். வெச்சுடறேன்.

இந்தாம்மா பேனா. மெதுவா எழுது. இப்ப பக்கத்துல யாரும் இல்ல.