முருகனை எடுத்தால்தான் சார்ஜ் ஏறும்

"முருகனை வெளியே எடுத்தாத்தான் சார்ஜ் ஏறும்னு எத்தனை தடவை சொல்றது?"

கொல்கத்தாவின் கரியாஹாட்டிலிருந்து ஹவுரா ரயில் நிலையம் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு பெண் தன் கணவரைத் தமிழில் கடிந்துகொண்டாள். நான் மனத்துக்குள் ஓதிக்கொண்டிருந்த பதிகம் பாதி அடியிலேயே நின்றுவிட்டது.

கணவர் கைபேசியின் உறையைக் கழற்றி, உள்ளே செருகியிருந்த முருகன் செப்புத் தகட்டைக் கண்களில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"அம்மா கொடுத்ததுடி. எடுக்க மனசு வரலை."

"அந்த அம்மாதான் இப்ப ஸ்டேஷன்ல இறங்கப் போறாங்க. அவங்ககிட்ட போன் கிடையாது. யார்கிட்டயாவது வாங்கி, மனப்பாடமா தெரிஞ்ச உங்க நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு!"

"அதான் பவர் பேங்க் மேல வெச்சிருக்கேனே."

"அரை மணி நேரமா வெச்சு, போன் சூடானதுதான் மிச்சம். பஸ் குலுங்கினா நழுவுது வேற. ஒரு வயர் எடுத்துட்டு வரக் கூடாதா?"

"வயரே வேண்டாம்னுதானே இதை வாங்கினோம்."

"நீங்க வாங்கினீங்க."

அவர் கைபேசியையும் பவர் பேங்கையும் சேர்த்துக் கூப்பிய கைகளுக்குள் அழுத்திக்கொண்டார். ஹவுரா பாலத்தின் நெரிசலில் பேருந்து நின்றது. கைபேசி ஒலித்தது. அவர் அதைப் பிரித்தெடுத்துக் காதில் வைத்தார்.

"அம்மா, பெரிய கடிகாரத்துக்குக் கீழ..."

திரை இருண்டது.

"கடிகாரம்னு அம்மா காதுல விழுந்திருக்குமா?"

"விழுந்தாலும் நிக்க மாட்டாங்க, உங்களைத் தேடிக்கிட்டு ஸ்டேஷன் பூரா அலைவாங்க. இறங்குங்க, ஓடியே போயிடலாம்."